மூணு நாளா கழட்டாத ஹெல்மெட்

மேனேஜர் மூணாவது நாளா ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல.

பைக்ல வர்றப்ப போடுற ஹெல்மெட் இல்லீங்க. கிரிக்கெட் ஹெல்மெட். மூஞ்சிக்கு முன்னால கம்பி வலை வச்சது. அதோடயே கையெழுத்துப் போடறாரு, போன் பேசறாரு, கம்பி இடுக்குல ஸ்ட்ரா விட்டு டீ குடிக்கிறாரு.

"வீட்டம்மா கரண்டியால ஒண்ணு போட்டிருப்பாங்க. வீக்கத்தை மறைக்கிறாரு"ன்னாங்க ரிசப்ஷன் அக்கா.

அவங்களுக்கு இந்த விஷயத்துல அனுபவம் ஜாஸ்தி. அவங்க வீட்டுக்காரரு, ஃபேன் கழண்டு விழுந்துரும்னு பயந்து ஒரு மழைக்காலம் முழுக்க ஹெல்மெட்டோட தூங்கின ஆளு. கடைசியில ஃபேன் விழல, கட்டில்தான் உடைஞ்சுது. அது கிடக்கட்டும்.

"வீக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் பந்தா!"ன்னு பல்லைக் கடிச்சா டிசைனர் பொண்ணு.

கிரிக்கெட் ஹெல்மெட் செய்யற அந்தக் கம்பெனியில அதை வடிவமைக்கிறவ அவதான். அவ கோவத்துக்குக் காரணம் இருக்கு.

போன வருஷம் இவங்க ஹெல்மெட்டைப் போட்டு ஆடற பொண்ணுங்க கிரிக்கெட் டீம்ல மூணு பேருக்கு தலையில பந்து பட்டுச்சு. ஹெல்மெட்ல ஒரு கீறல் கூட இல்ல. ஆனா ஒரு பொண்ணுக்கு ரெண்டு நாள் தன் பேரே ஞாபகம் வரல. அத்தனையும் சோதனையில பாஸான ஹெல்மெட்டு!

ஏன்னு இவதான் மண்டையைப் பிச்சுக்கிட்டு கண்டுபிடிச்சா. சோதனைக்கு வச்சிருக்கிறது இரும்புத் தலை. மேல ரப்பர் தோல். ரப்பர் ஹெல்மெட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும். முடி இருக்கிற தலையில அதே ஹெல்மெட் நழுவித் திருகிக்கும். தலையும் கூடவே வெட்டித் திரும்பும். உள்ள மூளை குலுங்கிரும்.

"சார், இரும்புத் தலைக்கு ஒரு விக் வேணும். நெஜ முடியில செஞ்சது"ன்னு போன வாரம் மேனேஜர்கிட்ட போய்க் கேட்டா.

"இரும்புக்கு விக்கா? நாளைக்கு மீசை கேப்பீங்க. நாளன்னைக்கு பல் விளக்க பிரஷ் கேப்பீங்க. போம்மா, போய் வேலையைப் பாரு."

புது ஹெல்மெட் இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பொண்ணுங்க கைக்குப் போயாகணும். இவளுக்கு ராத்தூக்கம் போச்சு.

பந்து வீசற மெஷினை ஓட்டறவருக்கு ஆபீஸ்ல டமால்னு பேரு. அவருதான் பாவம் பார்த்து, தரை துடைக்கிற மாப்பை வெட்டி இரும்புத் தலையில ஒட்டிக் குடுத்தாரு. முதல் பந்துக்கே மாப்பு பறந்துபோய் ரிசப்ஷன் அக்கா மடியில விழுந்துச்சு. பூனைன்னு நினைச்சு அவங்க போட்ட கூச்சல்ல மெஷினே நின்னு போச்சு.

திங்கக்கிழமை காலையில பார்த்தா, சோதனை மேஜை மேல ஒரு காகிதப் பை. உள்ள கருகருன்னு ஒரு விக்!

டமாலோட மச்சான் நாடகக் கம்பெனியில இருக்காரு. அப்ப வேற யாரு குடுத்திருப்பா?

"அண்ணே, ரொம்ப நன்றிண்ணே!"ன்னா.

"அதுக்கென்னம்மா"ன்னாரு டமால். யாரு நன்றி சொன்னாலும் வாங்கி வச்சுக்கிற ஆளு அவரு. எதுக்குன்னு கேக்க மாட்டாரு.

விக்கை மாட்டிப் பந்தை விட்டாங்க. டமால்! ஹெல்மெட் ஒரு சுத்து சுத்தி, கம்பி வலை பிடரிக்குப் போயிருச்சு.

ரெண்டு நாள் உக்காந்து பின்மண்டையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு பட்டையும், உள்ள தனியா நகர்ற ஒரு மெத்தையும் வச்சா. புதன்கிழமை நாப்பது பந்து விட்டாங்க. தலை திரும்பவே இல்ல.

ஹெல்மெட்டை வாங்கிட்டுப் போக அன்னைக்கே வந்த டீம் ஆளுங்க, நேரா மேனேஜர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க.

"தானே மூணு நாளா போட்டுப் பார்க்கிறாராமே! மேனேஜர்னா இப்படி இருக்கணும்!"

போட்டோ வேற எடுத்தாங்க. அவரு கம்பிக்குள்ள சிரிச்சாரு.

இவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு விக்குக்கு மூக்கால அழுத மனுஷனுக்கு போட்டோவா? ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்னு விறுவிறுன்னு அவரு ரூமுக்குப் போனா. கதவு பாதி திறந்திருந்துச்சு. உள்ள அவரு முதுகைக் காட்டிக்கிட்டு போன்ல பேசிட்டிருந்தாரு.

"ஆமாங்க, அதே அளவுதான். சீக்கிரம் அனுப்புங்க, வேர்த்துக் கொட்டுது... பழசா? ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன். மேலிடத்துல மூணு தடவை கேட்டேங்க, முடியாதுன்னுட்டாங்க. அது பாவம், மூஞ்சி வாடிப் போச்சு... சேச்சே, அதுக்கு முடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது வச்சிருக்கிற இரும்புத் தலைக்குங்க!"

ஹெல்மெட் மேஜை மேல இருந்துச்சு. பதினோரு வருஷமா அந்த ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணுலயும் படாத தலை, டியூப்லைட் வெளிச்சத்துல பளபளன்னு மின்னிச்சு.

சத்தம் வராம கதவைச் சாத்திட்டு வந்தா.

"என்னடி, கழட்டறாரா?"ன்னு ஓடி வந்தாங்க ரிசப்ஷன் அக்கா.

இவ அலமாரியிலேருந்து ரெண்டு ஹெல்மெட்டை எடுத்தா. ஒண்ணைத் தான் மாட்டிக்கிட்டா. இன்னொண்ணை அக்கா தலையில கவுத்தா.

"எனக்கெதுக்குடி இது?"

"இன்னும் ஒரு வாரத்துக்கு ஆபீஸ்ல யாரும் கழட்டக் கூடாதுக்கா. சோதனை."

"என்ன சோதனை?"

"கேள்வி கேக்காம இருக்கீங்களான்னு."

சாயங்காலம் மேனேஜர் ரூமை விட்டு வெளிய வந்தாரு. எட்டுப் பேர் எட்டு ஹெல்மெட்டோட டைப் அடிச்சுக்கிட்டும் எழுதிக்கிட்டும் இருந்தாங்க. டமால் ஸ்ட்ராவால டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு.

"அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? கட்டடத்துக்குள்ள யாராவது ஹெல்மெட் போடுவாங்களா?"ன்னு கம்பி வலைக்குள்ளேருந்து ஒரு அதட்டு அதட்டினாரு மேனேஜர்.

அதட்டினதோட சரி. ஒருத்தரைக் கூடக் கழட்டச் சொல்லல.