தானா வெளிய வரணும்

மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த பஞ்சாட்சரம் வாத்தியார், பாடம் நடத்தக் கொண்டுவந்த வெள்ளை எலியைக் கூண்டோடு பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவிடம் ஒப்படைத்தார். அவர் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் பாம்பு நடமாட்டம்.

"ரொம்பக் கூச்ச சுபாவம். ஓடப் பார்க்கும். மூஞ்சியைப் பார்க்காதீங்க, சத்தம் போடாதீங்க. தீனியை வெச்சிட்டு நகர்ந்துடுங்க. ஒரு மாசத்துல தானா வெளிய வரும்."

"இம்மாந்தானா வாத்தியாரே? ஊர்லயும் சொல்லி வெக்கிறேன்."

அந்த ஊரோ வாத்தியாரை மதிக்கவே இல்லை. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. பிள்ளைகள்கூடத் தரையைப் பார்த்தே வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். அம்மாக்கண்ணு மட்டும் எலிக்குப் போக மிச்சம் போலிருக்கிறது, தினமும் சாமைச் சோறும் தேனும் அவர் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

பஞ்சாட்சரம் மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதினார். மலையடிவாரத்து ஆலங்காயம் போய்த் தபாலில் சேர்க்க நாள் பார்த்தார். தேன் நன்றாக இருந்ததால் நாள் தள்ளிப்போனது.

முப்பதாம் நாள் தனிமை தாங்காமல், புளியமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நடுவே போய் உட்கார்ந்தார். பேச்சு நின்றது.

"யாரும் திரும்பாதீங்க" என்று அம்மாக்கண்ணு கிசுகிசுத்தாள். "தானா வெளிய வந்துட்டுது."

வாத்தியார் குனிந்து காலடியில் தேடினார். "எலி எங்கே?"

"எலி மொத நாளே எம் மடியில ஏறிடுச்சுங்க. உங்களுக்கு முன்ன வந்த நாலு வாத்தியாருங்கதான் ஒரு வாரம்கூடத் தங்காம ஓடிட்டாங்க. எப்படிப் பழக்கறதுன்னு அப்ப எங்களுக்கு யாரும் சொல்லலீங்க" என்றாள், இன்னமும் அவர் மூஞ்சியைப் பார்க்காமல்.