சிரிக்க வேண்டிய இடம்

ஊர் ஊராகப் போய், திறந்த மைதானத்தில் குதிரைகள் மேல் நடத்தும் நாடகம் அது. எல்லை மலைகளை அரசன் படை பிடித்த கதை. மலையில் பிறந்த நஞ்சிக்கு மலைக்காரி வேஷம். தளபதி அவளைக் குதிரையில் தூக்கிப் போகும்போது அவள் சிரிக்க வேண்டும். எத்தனையோ ஊர்களில் சிரித்தாயிற்று. அன்று அவளுடைய மலையடிவாரத்திலேயே ஆட்டம். காசு கொடுத்தவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி; கயிற்றுக்கு அப்பால் அவள் சனம் தரையில் உட்கார்ந்து பார்த்தது.

"சிரி புள்ள, சனம் பாக்குது" என்று, அவளைக் குதிரையில் தூக்கி வைத்துக்கொண்ட தளபதி வேஷக்காரன் காதருகே சீறினான்.

"எங்க சனமுந்தான் பாக்குது" என்றவள், கடிவாளத்தைப் பிடுங்கி, அவனை முழங்கையால் இடித்துச் சேற்றில் தள்ளினாள். இதுவும் நாடகம்தான் என்று நாற்காலிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. குதிரையை முன்வரிசைப் பக்கம் திருப்பி, குதிகாலால் ஓங்கி உதைத்தாள்.