பூமி நனைந்த கதை

குரு சாரின் முழங்கை பட்டு, தூரிகை கழுவிய தண்ணீர் மொத்தமும் மாணவர்கள் வரைந்திருந்த பூமியின் குறுக்குவெட்டு ஓவியத்தில் கொட்டியது. மறுநாள் கிள்ளான் நகரில் கண்காட்சி. கணிதம், அறிவியல், ஓவியம் மூன்றையும் ஒரே தாளில் காட்டுகிறேன் என்று தலைமையாசிரியையிடம் மார்தட்டியவரும் அவர்தான்.

“பரவாயில்ல சார்,” என்றான் ரிஷி.

ஒரு முகத்திலும் வருத்தமில்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

“புதுசா வரைவோம். அளவு நான் சொல்றேன்.”

“வேணாம் சார், நாங்களே வரைஞ்சுக்கிறோம். நீங்க உக்காந்து டீ குடிங்க லா.”

“ஒருத்தருக்குக்கூடக் கோபம் வரலையே, ஏன்?”

எல்லாரும் பூமிக்கு வட்டம் போட்ட கவராயத்தைப் பார்த்தார்கள். கடைசியில் மாதவிதான் வாய் திறந்தாள்.

“சார், நீங்க பூமியோட விட்டத்தை ஆரம்னு சொல்லிட்டீங்க. பூமி ரெண்டு மடங்கு வீங்கிருச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இன்னிக்கு ரிஷிதான் தண்ணி கொட்டுறதா இருந்தான். நீங்க முந்திக்கிட்டீங்க.”