பட்டை சிவக்கக் கூடாது

ஜெனிட்டாவின் மார்பில் ஒட்டியிருந்த பட்டை இன்றும் பச்சையாகவே ஒளிர்ந்தது. பாலில் மருந்து கலந்தால் அது சிவக்கும். தூத்துக்குடியில் இப்போது பட்டை ஒட்டாமல் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற வீடே கிடையாது.

பிரசவத்தில் ஏறிய ரத்த அழுத்தம் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை. "இந்த மாத்திரை பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நிறுத்திராதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பட்டைக்கு அதெல்லாம் தெரியாது. முதல் மாத்திரைக்கே சிவந்துவிட்டது.

"விஷத்தையா ஊட்டுத, பாவி?" கணவனின் அக்கா ரெஜினா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புட்டிப்பால் கொடுத்தாள். இரண்டு நாள் கண்ணில் காட்டவில்லை.

அன்றிலிருந்து ஜெனிட்டா, வீட்டுக்கு வரும் நர்ஸ் கொடுக்கும் மாத்திரையை வாயில் போட்டு, நர்ஸ் நகர்ந்ததும் வாஷ்பேசினில் துப்பினாள். பட்டையின் நிறம் தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாகப் போகும். பச்சையைப் பார்த்துச் சித்திமார் பூப் படம் போடுவார்கள்.

இன்று மடியில் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தில் பாதிதான் தெரிந்தது. கண்ணைக் கசக்கினாள், மறுபாதி வரவில்லை. மண்டை பிளந்தது. இடது கை மரத்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் தலை அந்தக் கையில்தான் இருந்தது.

"மதினி, பிள்ளைய வாங்குங்க." நாக்கு குழறியது. "நான் மாத்திரை போடல. பன்னெண்டு நாளா போடல."

ரெஜினா எட்டிப் பட்டையைப் பார்த்தாள்; பச்சை. அவள் முகம் மலர்ந்தது.

"இப்பதான்ட்டி நீ தாயி. வயிறாரக் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சத்தம் கேட்காமல் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.