கடைசியாய்ப் பூட்டின கொயில்

"தம்பி, இதை ஒருக்கா அளந்து சொல்லுங்கோ. உங்களிட்டை மீற்றர் இருக்கெல்லே?"

புஷ்பராணி அக்கா கைப்பையைத் திறந்து, மின்சாரச் சிகரெட் இழுக்கிற ஒரு வேப் மெசினையும் ஒரு சின்ன மருந்துப் பெட்டியையும் எங்கடை சாப்பாட்டு மேசையிலை என்ரை மனுசனுக்கு முன்னாலை வைச்சா. நான் திடுக்கிட்டுப் போனன். சபையிலை முன்வரிசையிலை இருந்து ஜெபிக்கிற மனுசி. புருசனை அடக்கம் பண்ணி இன்னும் மூண்டு கிழமை ஆகேல்லை. இந்தச் சனியனை ஏன் காவிக்கொண்டு திரியிறா?

"ஆற்றை அக்கா இது?"

"அவற்றைதான், பிள்ளை. ஆஸ்பத்திரியிலை உடுப்போடை சேர்த்துத் தந்தவை."

அவவின்ரை புருசன் ஜெயசிங்கம் அண்ணை வேலைக்குப் போற வழியிலை காரை ஓரங்கட்டிப்போட்டு, ஸ்ரியறிங்கிலை சாஞ்சபடியே போனவர். மாரடைப்பு. அது டென்மார்க்கிலை நாங்கள் இருக்கிற பிராண்டே ஊர் முழுக்கத் தெரியும். அதுக்கு முதல் வீட்டிலை என்ன நடந்தது எண்டதை அக்கா இப்பதான் எங்களுக்குச் சொன்னா.

முப்பது வருசம் சிகரெட் பத்தின மனுசன். டொக்டர் வெருட்டின பிறகு வேப்புக்கு மாறினவர். அதிலையும் பெரும் புகை. மெசினுக்குள்ளை சூடாகிப் புகை தாற கம்பிச் சுருளைத்தான் கொயில் எண்டுறது, அதை மாத்தி மாத்திப் பூட்டலாம். "இனிச் சின்னப் புகை வாற கொயிலைத்தான் பூட்டுவன். பிறகு அதையும் விட்டிடுவன்" எண்டு அக்காவுக்கு வாக்குக் குடுத்தவராம்.

"அவர் மோசம்போன அண்டைக்கு விடிய அவற்றை ஜக்கெற்றிலை ஒரே புகையிலை மணம். திரும்பப் பெரிசைப் பூட்டிட்டார் எண்டு நினைச்சன்."

"இஞ்சை புகையிலை மணத்தையும் மெந்தோலையும் தவிர வேறை விக்க விடாங்கள், அக்கா. எந்தக் கொயிலைப் பூட்டினாலும் அதே மணம்தான்" எண்டார் என்ரை மனுசன்.

"அது எனக்குத் தெரியாதே, தம்பி. கள்ளன், பொய்யன் எண்டு வாயிலை வந்ததெல்லாம் சொல்லி ஏசினன். 'சின்னனைப் பூட்டி ரெண்டு கிழமையாச்சு, நம்பும்' எண்டு கெஞ்சினவர். 'நீங்கள் செத்தாலும் நம்பன்' எண்டு சொல்லிக் கதவை அடிச்சுச் சாத்தினன்."

அக்கா சீலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சா. எனக்கும் அழுகை வந்திட்டுது.

"கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருது. உண்மை சொன்ன மனுசனை அப்பிடி ஏசி அனுப்பிப்போட்டேனோ எண்டு நெஞ்சு வெடிக்குது. சாப்பாடும் இறங்குதில்லை. அளந்து சொல்லுங்கோ, தம்பி. எனக்குத் தெரியவேணும்."

என்ரை மனுசன் மரியதாசன் காத்திலை மின்சாரம் எடுக்கிற பெரிய காத்தாடி செய்யிற பக்டரியிலை மின்சாரச் சாமான் பரிசோதிக்கிறவர். மீற்றர் காட்டுறதை அப்பிடியே எழுதுறதுதான் அவற்றை வேலை. வாயும் அதே மாதிரித்தான். என்ரை மீன்குழம்பிலை உப்புக் கூடினாலும் மூஞ்சிக்கு நேரை சொல்லுவார், பாஸ்டரின்ரை பிரசங்கம் நீண்டாலும் மூஞ்சிக்கு நேரை சொல்லுவார். அவரோடை எனக்கு இருபத்திரண்டு வருசமாய் இதே ரோதனை.

மருந்துப் பெட்டியைக் கவிட்டுக் கொட்டினார். பாவிச்ச கொயிலுகள், சின்னிவிரல் நுனியளவு. எல்லாம் ஒரே அச்சு. மேலை இருந்த இலக்கமெல்லாம் கருகி அழிஞ்சு போச்சு.

"கண்ணாலை பார்த்து ஒண்டும் பிடிக்கேலாது, அக்கா. கொயிலின்ரை மின்தடையை அளக்கவேணும். சைபர் தசம் ரெண்டு காட்டினால் பெரும் புகை. ஒண்டு தசம் ரெண்டு காட்டினால் சின்னப் புகை."

ஒவ்வொண்டாய் அளந்து ரெண்டு குவியலாய்ப் பிரிச்சார். கடைசியாய் மெசினைக் கழட்டி, அண்ணை அண்டைக்குப் பூட்டியிருந்த கொயிலை எடுத்துக் கிளிப்பிலை மாட்டினார். மீற்றரைத் தன்ரை பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டு குனிஞ்சு பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

ஆண்டவரே, சின்னனாய் இருக்கட்டும், செத்த மனுசனின்ரை பேர் கெடக்கூடாது எண்டு நான் மனசுக்குள்ளை மன்றாடினன்.

நிமிர்ந்தார்.

"சைபர் தசம் ரெண்டு, அக்கா. பெரும் புகைதான். அண்ணை உங்களுக்குப் பொய்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஏசினதிலை ஒரு பிழையும் இல்லை."

எனக்கு அந்தாளை அதிலையே கொல்லவேணும் போலை கிடந்தது.

அக்கா மேசையிலை கிடந்த மெசினைத் தள்ளி வைச்சா. "அப்ப நான் அநியாயமாய் ஏசேல்லை" எண்டா. பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதா.

"பாவி மனுசன்! கடைசி மட்டும் என்னை ஏய்ச்சுப்போட்டெல்லே போயிருக்கிறார்!"

ஏசி ஏசி அழுதா. அழுது முடிய, ஆறிப்போய்க் கிடந்த தேத்தண்ணியை ஒரே மூச்சிலை குடிச்சா. தட்டிலை இருந்த கேக்கிலையும் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டா.

"இதுகளை எறிஞ்சு விடுங்கோ, தம்பி" எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டா.

அவவின்ரை கார் திரும்பினதுதான் தாமதம், நான் தொடங்கினன்.

"உங்களுக்கு நெஞ்சிலை ஈரம் இருக்கோ? பதினைஞ்சு வருசக் கூட்டாளி! மண்ணுக்குள்ளை போன மனுசனைப் பொய்யன் எண்டு பெண்சாதிக்கே சொல்லி அனுப்பிறியள். சின்னன்தான் எண்டு சொல்லியிருந்தால் உங்கடை மீற்றர் வெடிச்சுப் போயிருக்குமோ?"

மனுசன் கதிரையை விட்டு எழும்பினார். கண் ரெண்டும் சிவந்து போய்க் கிடந்தது.

"நான் கொஞ்சம் நடந்திட்டு வாறன்" எண்டார். ஜக்கெற்றும் போடாமல் மழைக்குள்ளை இறங்கிப் போனார்.

போகட்டும், நல்லாய் நனையட்டும் எண்டு புறுபுறுத்துக்கொண்டு மேசையைத் துப்புரவாக்கப் போனன். மெசினிலை இருந்து கழட்டின கொயில் இன்னும் கிளிப்பிலைதான் மாட்டியிருந்தது. மனுசன் மீற்றரை நிப்பாட்ட மறந்திட்டார்.

திரையிலை ஒண்டு தசம் ரெண்டு. அண்ணை சின்னனைத்தான் பூட்டியிருந்தவர்.