மாலையில் முகம் புதைத்த ஆடு

காட்டு ராஜா சிங்கம் செத்துப்போனது. பிணத்தை எடுக்கிற வரைக்கும் யாரும் வாயில் பச்சைத் தண்ணிகூட வைக்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

வெள்ளாட்டுக்குப் பசி தாங்கவில்லை. அஞ்சலி வரிசையில் போய் நின்றது. சிங்கத்தின் மேல் கிடந்த மாலையில் முகத்தைப் புதைத்து, "ஐயோ ராசா!" என்று விசும்பிக்கொண்டே சாமந்தியை மென்றது. முடிந்ததும் திரும்ப வரிசைக்கு ஓடியது.

"என்னா பாசம்டி இதுக்கு! மறுபடியும் வருது பாரு," என்று கிளியிடம் சொல்லி மூக்கைச் சிந்தியது மந்தி.

இளவரசச் சிங்கமும் உருகிப்போனது. "அத்தை, எங்கப்பாவுக்காக உங்களைமாதிரி யாருமே அழலை. காலையிலிருந்து நானும் பட்டினி. எடுத்த பிறகுதான் சாப்பாடு. அதுவரைக்கும் என் பக்கத்துலயே உட்காருங்க."

அப்போதுதான் ஆட்டுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.