நெருங்கி நில்லுங்க

கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்றேன். அவர்கள் மகள் மினாரா தங்கள் மொழியில் எடுத்துச் சொன்னாள். யாரும் அசையவில்லை.

செனுவாரா குடும்பம் அமெரிக்காவில், ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட். ரோஹிங்யாக்கள். பர்மாவில் பிறந்தவர்களை, நீங்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று பர்மாவே துரத்திவிட்டது.

இன்று காலைதான் உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். முதன்முறையாக ஒரு நாடு அவர்களைத் தன்னுடையவர்கள் என்று சொல்லியிருக்கிறது. போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

எவ்வளவு சந்தோஷமான நாள்! ஆனால் வாசலில் நின்ற விதத்தைப் பார்த்தால், போலீஸ் பிடித்து நிறுத்தியது போல இருந்தது.

அப்பா, அம்மா, மினாரா, இரண்டு தங்கைகள். வயது வரிசையில், விறைப்பாக, சிரிப்பே இல்லாமல். அம்மா செனுவாராவுக்கும் மினாராவுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி. போனில் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது.

கையை ஆட்டிக் காட்டினேன். செனுவாரா முடியாது என்று தலையசைத்தார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நம் வீட்டு விசேஷங்களில் இப்படி இடம் விட்டுத்தானே வேண்டியவர்களைக் கூப்பிடுவோம். உடனே மனைவியைக் கிளப்பினேன்.

"கமரு, அந்த கேப்ல போய் நில்லு. உனக்குத்தான் விட்டிருக்காங்க."

கமருன்னிசா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்றாள். செனுவாரா அவள் கையைப் பிடித்தார். அன்பாகத்தான் பிடித்தார். அப்படியே மெல்ல வரிசைக்கு வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினார்.

எனக்குச் சுருக்கென்றது.

மினாரா என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அவர்கள் ஊரில் வருடாவருடம் அதிகாரிகள் வந்து, வீட்டு வாசலில் இப்படி நிறுத்திப் போட்டோ எடுப்பார்களாம். போட்டோவில் இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்களாம். அதன்பிறகு அவர் உயிரோடு திரும்பி வந்தாலும் அந்த வீட்டு ஆள் இல்லை.

அண்ணன் அயாஸ் படகேறி ஊரைவிட்டுப் போன அந்த வருடம், அம்மா அவனுக்கும் இடம் விட்டுத்தான் நின்றாராம்.

"அன்னைக்கும் ஆபீசர் இதையேதான் சொன்னார், அங்கிள். நெருங்கி நில்லுங்கன்னு. அம்மா பயத்துல நெருங்கி நின்னுட்டாங்க."

அவள் போய்த் தன் இடத்தில் நின்றாள்.

நான் பின்னால் நகர்ந்து, அயாஸின் இடமும் முழுதாக வரும்படி எடுத்தேன்.